பாசிக்குடாவில் குளித்த புத்தகம்

போன ஆகஸ்ட் லீவில் நானூறு சொச்சம் பக்கமுள்ள புது நாவல் ஒன்றைக் கடலில் போட்டேன். வேண்டுமென்று போடவில்லை. ஆனால் தற்செயல் என்று சொல்லித் தப்பவும் முடியாது. பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணிக்குள் போய் இருந்து வாசித்தது நான்தான்.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாக் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆசை விளங்கும். அங்கே கடல் கடல் மாதிரியே இல்லை. நடந்துகொண்டே போகலாம், தண்ணி இடுப்பைத் தாண்டவே நேரமெடுக்கும். ஆகஸ்ட் மாதம் ஊருக்குள் கச்சான் காற்று நெருப்பாக வீசும். கிழக்குக் கடலோ குளம் போலக் கிடக்கும். பிள்ளைகள் குளிக்கிறார்கள், இவர் பிள்ளைகளைப் பார்க்கிறார், மச்சாள் குடும்பம் நிழலில் இறால் பொரியல் பார்சலைப் பிரிக்கிறது. எனக்கு ஒரு அரை மணித்தியாலம் கிடைத்தது. கால் தண்ணிக்குள், தலையில் தொப்பி, மடியில் புத்தகம். பத்துப் பக்கம் போயிருக்கும். கதிரையின் பின்கால் ஒன்று மண்ணுக்குள் இறங்கியது எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, உங்கட புத்தகம் நீந்துது!" என்று சின்னவன் கத்தினான். நானும் நீந்திக்கொண்டுதான் இருந்தேன்.

புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதியவர் கேள்விப்பட்டால் மனம் நோவார். அது எப்படி என் கைக்கு வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், இழப்பின் கனம் அதில்தான் இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி தை மாதம். நான் காத்திருக்கிற எழுத்தாளர்களின் புதுப் புத்தகமெல்லாம் பெரும்பாலும் அதையொட்டித்தான் வரும். தமிழ்நாட்டு நண்பர்கள் படம் போட்டு, பேசி, சண்டை பிடித்து, அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார்கள். மட்டக்களப்புக்கு அது வந்து சேர ஆடி மாதமாகும். இந்திய விலை 450 ரூபாய் என்றால் இங்கே கடையில் கிட்டத்தட்ட நாலால் பெருக்கிப் பார்க்கவேண்டும். அதனால் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போன சித்தியின் மகனிடம் சொல்லி, அவன் மருந்துப் பெட்டிகளுக்கு இடையில் வைத்துக் கொண்டுவந்தது. ஏழு மாதம் காத்திருந்து கிடைத்ததை ஏழு நாள் கூட வீட்டில் வைத்திருக்கவில்லை.

நனைந்த புத்தகத்துக்கு என்ன செய்வது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், அப்பாவின் புண்ணியத்தில். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போய், அவருடைய புத்தக அலுமாரி இரவு முழுக்க மழையில் நின்றது. அடுத்த நாள் அவர் உடுப்புக் காயப்போடுகிற கொடியில் புத்தகங்களைத் தொங்கவிட்டாராம். மெல்லிய புத்தகங்கள் பிழைத்தன. தடித்தவை தண்ணிப் பாரத்தில் நடுமுதுகு கிழிந்து நிலத்தில் விழுந்தன. "நனைஞ்ச புத்தகத்தத் திறக்காத, தொங்கவும் விடாத" என்பது அவர் எங்களுக்குச் சொன்ன பாடம். திறந்தால் ஈரத்தாள் விரலோடு வந்துவிடும்.

ஆகவே பாசிக்குடாவில் நான் புத்தகத்தை மூடியபடியே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தேன். அடுத்துச் செய்தது அங்கிருந்த எல்லாருக்கும் விசராகப் பட்டிருக்கும். குடிக்கக் கொண்டுபோன ஐந்து லீற்றர் தண்ணிப் போத்தலைத் திறந்து, மூடிய புத்தகத்தின் மேல் மெல்ல ஊற்றினேன். நனைந்ததை மறுபடி நனைக்கிறாளே என்று மச்சாள் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. காரணம் இருக்கிறது. கடல் தண்ணி காய்ந்தாலும் உப்பு தாளில் தங்கிவிடும். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மாரி வந்தால் அந்தப் புத்தகம் மறுபடி நசியும், பூஞ்சணம் பிடிக்கும். நல்ல தண்ணியில் உப்பையும் மண்ணையும் கழுவிவிட்டால் பிறகு வெறும் ஈரத்தோடு மட்டும் மல்லுக்கட்டலாம்.

துவாயில் சுற்றி ஒற்றி, பொலித்தீன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்னேரம் வந்து சேர்ந்தபோது எல்லாருக்கும் அலுப்பு. அன்றிரவே உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் காயவைக்க யாரால் முடியும்? ஈரத்தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் வந்துவிடும். அதனால் பையோடு பிரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் பிடிக்கிற இடத்தில், வைத்துவிட்டேன். உறைந்துபோனால் பூஞ்சணம் வளராது, நமக்கு நேரம் கிடைக்கும். பாரை மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் நாவல். மாமி கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற கட்டத்தை அவர் எப்போதோ தாண்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். இளகியதும் இருபது இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் வைத்தேன். பழைய பேப்பரைப் பாவித்தால் அச்சு மை ஏறும், வெறும் தாள்தான் நல்லது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினேன். ஓரளவு ஈரம் வற்றியதும் புத்தகத்தை நட்டமாக, விசிறி போல விரித்து, மேசையில் காற்றாடிக்குக் கீழே நிறுத்தினேன். வெயிலில் வைக்கவில்லை, வெயிலில் அட்டை வளைந்து, முதுகுப் பசை வெடித்துவிடும். கடைசியில் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன். பத்து நாள். மேலட்டையின் மினுமினுப்பு உரிந்தது. புத்தகம் ஒன்றரை மடங்கு தடித்தது. எட்டுப் பத்துப் பக்கங்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன, கத்தி முனையால் பிரித்தேன். ஒரு இடத்தில் இரண்டு வரி போய்விட்டது. கதை விளங்கியது.

இந்தப் பத்து நாளில் மச்சாளோடு ஒரு மனக்கசப்பும் சேர்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் இவரிடம் தொலைபேசியில் சொன்னாராம்: "வருசத்துக்கு ஒருக்கா எல்லாரும் சேர்ந்து போறம். அவ புத்தகத்தோட தண்ணிக்குள்ள போய் இருந்தா, எங்களோட கதைக்க விருப்பமில்ல எண்டுதானே அர்த்தம்?"

எனக்கு முதலில் கோபம். ஒரு பொம்பிளை சுற்றுலா போனாலும் சோறு பிரித்துக் கொடுக்கவேண்டும், ஈரத்துணி பிழியவேண்டும், யாருக்குக் கறி காணாது என்று பார்க்கவேண்டும். ஆம்பிளையள் மரநிழலில் நித்திரை கொண்டால் அது களைப்பு, நான் வாசித்தால் அது அவமரியாதை. இதை இவரிடம் சொன்னபோது அவர் நியாயம்தான் என்றார். பிறகு, "ஆனா நீ அந்தப் புத்தகத்த வாசிக்கேக்க கூப்பிட்டாலும் உனக்குக் கேக்காது" என்றும் சொன்னார்.

அதுவும் நியாயம்தான். ஏழு மாதம் காத்திருந்த புத்தகம் ஒன்று கையில் இருக்கும்போது நான் எங்கேயும் இல்லை. யார் கூப்பிட்டாலும் இடையூறு. பாசிக்குடாவும் எனக்குக் கிடைக்கவில்லை, புத்தகமும் கிடைக்கவில்லை. அந்தப் பத்துப் பக்கத்தை வீட்டில் மறுபடி முதலில் இருந்துதான் வாசித்தேன், ஒன்றும் தங்கவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவு: ஆவலாகக் காத்திருந்த புத்தகம் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. பயணப் பைக்குள் ஏற்கெனவே வாசித்த புத்தகம்தான் போகும். கவிதை, சிறுகதை, எந்த வரியிலும் மூடி வைத்துவிட்டு "என்னகா?" என்று நிமிரக்கூடியது. முடிவு தெரிந்த கதைக்கு அவசரம் இல்லை. பாதியில் நிறுத்தினாலும் எரிச்சல் வராது. நனைந்தாலும் உயிர் போகாது.

இதற்குப் பிறகு போன பயணங்கள் வேறு மாதிரி அமைந்தன.

பாசிக்குடாவுக்கே மறுபடி போனோம், இந்த முறை ரெயிலில். கல்குடாவில் ஸ்டேசன் இருக்கிறது; ஓட்டோ பிடித்தால் கடற்கரை. வான் பிடித்துப் போவதைவிடப் பிள்ளைகளுக்கு ரெயில்தான் பயணம். கல்குடாவுக்கு ஒரு ஸ்டேசன் தள்ளி வாழைச்சேனை. காகித ஆலை அங்கேதான் இருக்கிறது என்று சின்னவனிடம் சொன்னேன், 1956இல் உற்பத்தி தொடங்கியது, வைக்கோலில் இருந்து தாள் செய்தார்கள் என்று. "வைக்கோலா? மாடு தின்னுற வைக்கோலா?" அவனால் நம்ப முடியவில்லை. அப்பாவின் பழைய கொப்பி ஒன்று வீட்டில் இருக்கிறது, மங்கிய மஞ்சள் தாள், வெளிச்சத்தில் பிடித்தால் சிறு நார்கள் தெரியும். அது வாழைச்சேனைத் தாள்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அவன் அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு "ஓம், வயல் மணக்குது" என்றான். போரில் தேய்ந்துபோன அந்த ஆலை ஒரு காலத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகள் எழுதிய தாளைச் செய்தது. 2022இல் தாள் இல்லாமல் பரீட்சைகள் தள்ளிப்போனபோது நான் அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மண்டூருக்குப் போனது மாமியின் நேர்த்திக்காக. சின்னக் கதிர்காமம் என்று எங்கள் ஆக்கள் சொல்கிற முருகன் கோயில். களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் குருமண்வெளித் துறையில் இருந்து வாவியைக் கடக்கப் பாதை போகிறது. பாதை என்றால் வெளியூர் ஆக்கள் ரோட்டென்று நினைப்பார்கள். இங்கே அது ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணியில் போகிற தட்டைப் படகு. மண்முனையில் 2014இல் பாலம் வந்தபிறகு அங்கே பாதை நின்றுவிட்டது. குருமண்வெளியில் இன்னும் ஓடுகிறது, வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் ஏறி மேற்குப் பக்கமான படுவான்கரையில் இறங்கலாம். அது சும்மா ஒரு சின்னத் தூரம்தான், ஆனால் போகிற வேகத்தில் ஒரு கவிதைப் புத்தகம் வாசிக்கலாம். அதற்கென்றே ஒன்று பையில் வைத்திருந்தேன்.

எடுக்கவே இல்லை. மாமி கதைக்கத் தொடங்கிவிட்டார்.

மாமிக்குச் சொந்த ஊர் செட்டிபாளையம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது எழுத்துக்கூட்டிப் பத்திரிகைத் தலைப்பு வாசிப்பார், அதற்கு மேல் கண் விடாது. பாதையில் நின்று வாவியைப் பார்த்தபடி கலியாணம் முடித்த புதிதில் தோணியில் போன கதையைச் சொன்னவர், திடீரென்று பாட்டு மாதிரி ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கினார். கண்ணகி வழக்குரை. எங்கள் பக்கத்தில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்; கடைசியில் அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்தி. அந்த நாட்களில் ஏட்டைப் பார்த்து வழக்குரை படிப்பார்கள். சிலப்பதிகாரம் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்குக் கதை தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் நடக்கிறது வேறு. கண்ணகி மாங்கனியில் இருந்து பிறக்கிற கதையெல்லாம் அதில் இருக்கிறது. மாமி சின்ன வயதில் இருந்து கோயில் முற்றத்தில் இருந்து கேட்டுக்கேட்டே மனதில் பதிந்தது அவ்வளவும்.

"இது எவ்வளவு தெரியும் மாமி உங்களுக்கு?"

"எவ்வளவு எண்டு எனக்கெப்படித் தெரியும் மனே? ஒருத்தர் தொடங்கினா வரும்."

பதின்மூன்று வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரு நாளும் நான் தொடங்கிக் கொடுக்கவில்லை.

மகள் போனில் பதிவு செய்தாள். பாதையின் இஞ்சின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மறுபடி பதிவு செய்தோம். வயதானவர்களிடம் இப்படி எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: "பாடுங்க" என்று சொன்னால் வராது. வெற்றிலை மடித்துக்கொடுத்து, சும்மா இருந்து, நீங்கள் ஒரு வரியைப் பிழையாகச் சொல்லுங்கள். திருத்துவதற்காகவே முழுதையும் சொல்வார்கள்.

காரைதீவு, அம்பாறைப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காரைதீவு விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். அவருடைய மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போனோம். எங்களுக்கு அடிகள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, கல்லடியில்தான் சமாதி. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாடமாக்கிய அந்த மல்லிகைப் பாட்டு அங்கே பொறித்திருக்கிறது. யாழ் நூல் 1947இல் வந்தது, அதே வருடம் ஜூலையில் அவர் போய்விட்டார். பழைய இசைக்கருவி ஒன்றைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த புத்தகம் அது. எனக்கு அதை வாசிக்கிற இசையறிவு இல்லை, மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் முப்பதாம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வாசிக்க முடியாத புத்தகத்தையும் அலுமாரியில் வைத்திருப்பதில் எனக்கு வெட்கமில்லை. அம்பாறையைத் தாண்டி இங்கினியாகலை, அங்கே சேனநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளம். விடியவே படகில் போனால்தான் யானை பார்க்கலாம். நீர்ப்பரப்பு நடுவில் தும்பிக்கையை உயர்த்திக்கொண்டு யானை நீந்துவதைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனியில் இருந்து ஆடிக்குள் போகவேண்டும். அந்தப் படகுக்குப் புத்தகம் வேண்டாம், கைத்தொலைபேசியும் வேண்டாம், இரண்டு கையும் பலகையைப் பிடிக்கத் தேவை. ஆனால் போவதற்கு முன்தினம் அந்தக் குளத்தை உண்டாக்கிய கல்லோயாத் திட்டத்தைப் பற்றி வாசித்துவிட்டுப் போங்கள். 1949இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அணையின் கதையும் குடியேற்றத்தின் கதையும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. தண்ணியை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தது.

தூரப் பயணத்துக்கு எல்லா லீவிலும் காசு இருக்காது. காசில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரம் நடக்கிறோம். 1924இல் கட்டியது, பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலம். பழையதில் நின்று தூண்டில் போடுகிறவர்களின் வாளிகளைச் சின்னவன் ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பான். நிலவு நாளில் படகில் இறங்கித் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன்பாட்டுக் கேட்கும் என்பார்கள். ஒருமுறை போனோம். எனக்குக் கேட்டது, இவருக்குக் கேட்கவில்லை. மகள் "இரண்டு பேரும் சும்மா சொல்றீங்க" என்றாள்.

புத்தக வெளியீட்டு விழாவையும் குடும்பப் பயணமாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் பக்கத்தில் ஒரு கவிதைத் தொகுப்போ ஊர் வரலாறோ வந்தால் முந்நூறு, ஐந்நூறு பிரதிதான் அடிப்பார்கள். பெரும்பாலும் எழுதினவரே காசு போட்டு அடித்தது. விழாவில் முதற்பிரதி, சிறப்புப்பிரதி என்று மேடையில் கொடுத்து முடிய, மிச்சம் வீட்டுக்குப் போகும். கடைக்குப் போய் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "அப்படி ஒண்டு வரல்லியே" என்பார்கள். ஆகவே அழைப்பிதழைப் பார்த்தால் போய்விட வேண்டும், கடித உறையில் காசை வைத்துக் கொடுத்துப் பிரதியை வாங்கிவிட வேண்டும். உறையில் புத்தக விலையைவிடக் கொஞ்சம் கூட வைப்பது எங்கள் வழக்கம். அச்சகக் கடனில் ஒரு பங்கு அது. பேச்சுகள் நீளும், அது உண்மைதான். வாழ்த்துரை, ஆசியுரை, நயவுரை, ஏற்புரை என்று மத்தியானம் தாண்டிவிடும். பிள்ளைகளைக் கொண்டுபோனால் வாசலுக்குப் பக்கத்தில் இருங்கள். பிஸ்கட்டும் வடையும் எப்போது வரும் என்று சின்னவனுக்கு இப்போது கைவந்துவிட்டது: நயவுரைக்கு நடுவில்.

விழாவில் தவறவிட்ட பழைய புத்தகங்களுக்கு நூலகம் வலைத்தளம் இருக்கிறது. 2005இல் இருந்து ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் படமெடுத்துப் போடுகிறார்கள், காசில்லை. பயணத்துக்கு முன் வீட்டில் வைத்தே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இங்கினியாகலை மாதிரி இடத்தில் சிக்னலை நம்பமுடியாது. ஆனால் கடற்கரை வெயிலில் போன் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. ரெயிலுக்கு நல்லது.

இப்போது டிசம்பர் லீவு வருகிறது. வாடைக் காற்று தொடங்கிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் டிசம்பரில் எங்கேயும் போகிற திட்டம் போடாதீர்கள். போட்டால் மழை சிரிக்கும். இதுதான் காத்திருந்த புத்தகங்களின் லீவு. மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். செப்டெம்பர் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போன தம்பி கொண்டுவந்த இரண்டு நாவல், இரண்டும் வாசித்தவர்கள் சண்டை பிடிக்கிற வகை. ஒரு மொழிபெயர்ப்பு, தடித்தது, மழை ஐந்து நாள் தொடர்ந்தால்தான் முடியும். மகளுக்குத் துப்பறியும் கதைகள். அவள் நான் வாங்கிக்கொடுத்த எதையும் வாசிப்பதில்லை, நான் ஒளித்து வைப்பதை வாசிக்கிறாள். ஆகவே அலுமாரியின் மேல்தட்டில் துணிக்குப் பின்னால் மூன்று வைத்திருக்கிறேன். அச்சிட்ட வழக்குரைப் பதிப்பு ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன். தம்பிலுவிலில் இருக்கிற தெரிந்த ஆசிரியர் ஒருவர் தன் பிரதியை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புத்தகத்தை ஒரு கையிலும் மாமியின் பதிவை ஒரு காதிலும் வைத்து எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாமி தன் பாட்டுக்குப் போகிறார் என்று பார்க்கவேண்டும். யார் சரி என்று இப்போதே மாமி சொல்லிவிட்டார்.

மாரிக்கு முன் அலுமாரியையும் ஒருமுறை கவிழ்த்துத் தட்டுகிறேன். சுவரோடு ஒட்டி வைத்தால் சுவரின் ஈரம் ஏறும், நாலு விரல் இடைவெளி விடவேண்டும். தட்டுகளில் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும். இராமபாணப் பூச்சிக்குப் பசைதான் இஷ்டம், அதனால் பழைய கலிக்கோக் கட்டுப் புத்தகங்களை அடிக்கடி திறந்து பார்க்கிறேன். அடித்தட்டில் ஒன்றும் வைப்பதில்லை, வெள்ளம் வந்தால் முதலில் அதுதான் போகும்.

போன கிழமை மழை விட்ட ஒரு சனிக்கிழமை, சும்மா பாலமீன்மடு வெளிச்சவீடு வரைக்கும் போய்வருவோம் என்று இவர் சொன்னார். மச்சாளும் பிள்ளைகளோடு வந்தார். நான் கச்சான் கடலைப் பொட்டலமும் தேத்தண்ணிப் போத்தலும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் வாசலில் நின்று கேட்டார்:

"என்னகா, பாசிக்குடாப் புத்தகத்த எடுத்தாச்சா?"

எங்கள் வீட்டில் அதற்கு இப்போது அதுதான் பெயர். மூன்று முறை வாசித்தாயிற்று. பையில் பாதி இடத்தை அடைக்கிறது, மூடினாலும் மூடாது. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்து இருந்தபோது காற்று ஒரேயடியாக அடித்தது. பாயின் ஒரு மூலையில் தேத்தண்ணிப் போத்தல், ஒரு மூலையில் என் செருப்பு, ஒரு மூலையில் மாமி. நாலாவது மூலைக்கு மச்சாள் பையைத் திறந்து அதை எடுத்து வைத்தார்.